கட்டணம் இல்லை, வாசல் குறுகியது: நியூயார்க் ரீஜிஸ் உயர்நிலைப்பள்ளி – ஒரு மதிப்புரை

நியூயார்க் மன்ஹாட்டனின் அப்பர் ஈஸ்ட் சைடில், கிழக்கு 84ஆம் தெருவில் 55ஆம் எண் கட்டடத்தில் இயங்கிவரும் ரீஜிஸ் உயர்நிலைப்பள்ளி, மாணவர்களைக் கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் தனி ரகமானது. கத்தோலிக்கத் துறவியர் அமைப்பான இயேசு சபையின் (ஜெசூட்) குருக்களால் 1914இல் தொடங்கப்பட்ட இந்தப் பள்ளி, நூறாண்டுக்கு மேல் கடந்த பின்னும் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. நகரத்தின் மற்ற இயேசு சபை உயர்நிலைப்பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் செலவாகிறது. இதே வட்டாரத்தில் உள்ள, சமயச் சார்பற்ற பெயர்பெற்ற தனியார் பள்ளிகள் சிலவற்றில் அந்தத் தொகை 60,000 டாலரையும் தாண்டிவிட்டது. இந்தச் சூழலில் ரீஜிஸ் இலவசம் என்று கேள்விப்படும் பெற்றோர் முதலில் நம்புவதில்லை. நம்பிய பிறகு வேறு எதையும் கேட்பதில்லை. இந்த மதிப்புரை அந்த இரண்டாவது வகையினருக்காகவே எழுதப்படுகிறது. படிப்பின் தரத்தில் இந்தப் பள்ளியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் பணமாக வாங்காததை இந்தப் பள்ளி வேறு வழிகளில் வாங்கிக்கொள்கிறது. அவை எவை என்று தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

இந்தப் பள்ளியின் இன்றைய சட்டதிட்டங்களில் பாதி, அதைக் கட்டப் பணம் கொடுத்த ஒரு கைம்பெண்ணின் விருப்பத்திலிருந்து வந்தவை. எனவே வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹ்யூ கிராண்ட் என்பவர் 1889 முதல் 1892 வரை நியூயார்க் நகரின் மேயராக இருந்தவர். பதவியேற்றபோது அவருக்கு முப்பது வயதுதான். ஐரிஷ் கத்தோலிக்கர்களின் கோட்டையாக விளங்கியதும், ஊழலுக்குப் பெயர்போனதுமான டாமனி ஹால் என்ற அரசியல் அமைப்பின் வழியாக மேலே வந்தவர். அரசியலிலிருந்து விலகிய பின் நிலம், கட்டடம் ஆகியவற்றில் பெரும் செல்வம் சேர்த்து 1910இல் காலமானார். அவருடைய மனைவி ஜூலியா, நியூயார்க் மாநிலத்தின் சார்பில் அமெரிக்கச் செனட்டராக இருந்த எட்வர்டு மர்பியின் மகள். கணவர் விட்டுச்சென்ற செல்வத்தில் ஒரு பங்கை, இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் பெயரிலான பங்கின் (ஆலய வட்டாரத்தின்) பொறுப்பில் இருந்த டேவிட் ஹெர்ன் என்ற இயேசு சபைக் குருவிடம் அவர் ஒப்படைத்தார். கத்தோலிக்கச் சிறுவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கும் இயேசு சபை உயர்நிலைப்பள்ளி ஒன்றை அந்தப் பணத்தில் நிறுவ வேண்டும், வேறு வகையில் கத்தோலிக்கக் கல்வி பெற வசதியில்லாதவர்களுக்குத் தனிக் கவனம் தர வேண்டும் என்பவை அவர் விதித்த நிபந்தனைகள். தம் பெயர் வெளியே வரக்கூடாது என்பதும் அவருடைய விருப்பமாக இருந்தது. அதனால் பல தலைமுறை மாணவர்கள் தங்கள் படிப்புக்குப் பணம் கொடுத்தவரை நிறுவனத் தாய் என்று மட்டுமே அறிந்திருந்தார்கள்.

நன்கொடை கொடுத்த அன்றே வாசலில் கல்வெட்டு வைத்துக்கொள்ளும் வழக்கத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். இந்தப் பெயரில்லாக் கொடைக்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுத்தவர் யாரென்று வெளியே தெரியாதபோது, அவருடைய உறவினர் பிள்ளைக்கு ஓர் இடம் கொடுங்கள் என்று யாரும் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொண்டு வர முடியாது. பள்ளிக்குப் பெயர் தந்த ஜான் பிரான்சிஸ் ரீஜிஸ், 1597 முதல் 1640 வரை வாழ்ந்த பிரெஞ்சு இயேசு சபைக் குரு. தென் பிரான்சின் மலைக் கிராமங்களில் ஏழைகளிடையே உழைத்தவர். சரிகைப் பின்னல் வேலை செய்யும் பெண்களின் பாதுகாவலராக இன்றும் கருதப்படுபவர். செல்வத்தின் உச்சியில் நிற்கும் ஒரு தெருவில் இப்படி ஒருவரின் பெயர் தாங்கிய பள்ளி நிற்பது நிறுவியவர்களின் நோக்கத்துக்குப் பொருந்தியே இருக்கிறது.

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்டனைச் சேர்ந்த மஜின்னிஸ் – வால்ஷ் என்ற கட்டடக்கலை நிறுவனம், கத்தோலிக்கத் திருச்சபைக்காகப் பல கட்டடங்களை வடிவமைத்தது. ரீஜிஸும் அவற்றுள் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் வெளிர் சுண்ணக்கல் முகப்பும் தூண்களுமாக ஒரு பழைய வங்கி அலுவலகத்தைப் போலத் தோன்றும். உள்ளே நடுவில் திறந்த முற்றம் இருக்கிறது. வகுப்பறைகள் அதைச் சுற்றி மாடி மாடியாக எழுகின்றன. மரமும் புல்வெளியுமாக ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கும் பள்ளி வளாகத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் ஏறத்தாழ 530 மாணவர்கள் மட்டுமே படிக்கும் பள்ளியில், எல்லோருடைய பார்வையும் ஒரே முற்றத்தில் வந்து விழும்படி கட்டியிருப்பதால், யாரும் யாருக்கும் முகம் தெரியாதவராக நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட முடியாது. பார்வையாளர் நாளில் நான் கவனித்த வரையில், மூத்த மாணவர்கள் புதியவர்களை அழைத்துக்கொண்டு இந்த முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம் எதிரே வருபவர்களைப் பெயர் சொல்லியே அழைத்தார்கள்.

கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் பள்ளி என்ற இந்த வகையே அமெரிக்காவில் எப்படி உருவானது என்பதை அறிந்தால்தான் ரீஜிஸின் பாடத்திட்டம் புரியும். இயேசு சபையினர் 1548இல் சிசிலித் தீவின் மெசினாவில் தங்கள் முதல் கல்லூரியைத் திறந்தார்கள். 1599இல் 'ராசியோ ஸ்டூடியோரும்' என்ற கல்வி ஒழுங்கை எழுதி, உலகெங்கும் தங்கள் பள்ளிகளுக்குப் பொதுவாக்கினார்கள். அந்த ஒழுங்கின்படி பத்துப் பன்னிரண்டு வயதில் சேரும் ஒரு மாணவன், இடையில் முறிவு ஏதுமின்றி, இலத்தீன் இலக்கணத்தில் தொடங்கிக் கவிதை, பேச்சுக்கலை வழியாக மெய்யியல் வரை ஒரே கூரையின் கீழ் படித்து முடிப்பான். 1789இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் கல்லூரியும், 1841இல் தொடங்கிய ஃபோர்டாம் கல்லூரியும் அமெரிக்காவில் இந்த அடிப்படையிலேயே இயங்கின. திருச்சியில் புனித வளனார் கல்லூரியும் அதன் பள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்த வரலாற்றை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாக இராது.

அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதற்குச் சோதனை வந்தது. நான்கு ஆண்டு உயர்நிலைப்பள்ளி, அதன்மேல் நான்கு ஆண்டுக் கல்லூரி என்ற பிரிப்பு அங்கே பொது விதியாகிக்கொண்டிருந்தது. ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட், மாணவனே தன் பாடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையை வலியுறுத்தினார். எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம் என்று நின்ற இயேசு சபைக் கல்லூரிகளை 1899இல் வெளிப்படையாகவே சாடினார். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் இயேசு சபைக் கல்லூரிப் பட்டதாரிகளைச் சேர்ப்பது பற்றிய பூசலும் அதே காலத்தில் நடந்தது. இயேசு சபையினர் எழுத்தில் எதிர்த்து வாதிட்டாலும் நடைமுறையில் விட்டுக்கொடுத்தார்கள்: நீண்ட படிப்பை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியைத் தனி உயர்நிலைப்பள்ளியாக்கினார்கள். ஃபோர்டாம் பிரெப் ('பிரெப்' என்றால் ஆயத்தப் பள்ளி), ஜார்ஜ்டவுன் பிரெப், பாஸ்டன் காலேஜ் ஹை ஸ்கூல் என்ற பெயர்களில் அந்த வெட்டுத் தழும்பு இன்றும் தெரிகிறது. ரீஜிஸ் தொடங்கிய 1914, இந்தப் பிரிப்பு நிலைபெற்றுவந்த காலம். எந்தக் கல்லூரிக்கும் கீழ்ப்பாதியாக இல்லாமல், தொடக்கம் முதலே தனித்து நின்ற உயர்நிலைப்பள்ளி அது. தன் மாணவர்களை ஒரு குறிப்பிட்ட கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டிய கட்டாயம் அதற்கு இருக்கவில்லை.

படிப்பு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு, 1958இல் இங்கே படித்து முடித்த ஆந்தனி ஃபவுசி நல்ல சான்று. கொரோனாக் காலத்தில் உலகமே அறிந்த அந்த மருத்துவர், புரூக்ளினில் மருந்துக்கடை நடத்தியவரின் மகன். நான்கு ஆண்டு இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, பண்டைய வரலாறு, இறையியல் என்று தாம் ரீஜிஸில் படித்தவற்றை அவர் பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிற்காலத்தில் அறிவியலுக்குப் போன ஒருவர், தமக்குத் தெளிவாகச் சிந்திக்கவும் சுருக்கமாகப் பேசவும் சொல்லிக்கொடுத்தது அந்தச் செவ்வியல் படிப்பே என்று சொல்வது, எட்டாம் வகுப்பிலேயே நிரல்மொழி கற்றுத் தரும் பள்ளியைத் தேடும் நம் பெற்றோர் ஒருமுறை நின்று யோசிக்க வேண்டிய செய்தி. உயரம் குறைவான அவர் பள்ளிக் கூடைப்பந்து அணியின் தலைவராகவும் இருந்தார்; ஆனால் விளையாட்டுக்காக ரீஜிஸைத் தேர்ந்தெடுக்கலாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

அந்தக் காலத்துப் பாடத்திட்டம் இன்று அப்படியே இல்லை. கிரேக்கம் கட்டாயம் என்ற நிலை மறைந்துவிட்டது, இலத்தீன் நிற்கிறது, கணினியியலும் நுண்கலையும் வந்திருக்கின்றன. மாறாமல் இருப்பது, எல்லா மாணவர்களும் ஒரு பொது அடித்தளத்தின் மேல் படிக்க வேண்டும் என்ற பழைய பிடிவாதமும், எழுத்துக்கும் பேச்சுக்கும் தரப்படும் இடமும்தான். பள்ளியின் முதல் பொறுப்பாளர் பெயரில் இயங்கும் 'ஹெர்ன்' பேச்சு – விவாதக் கழகம் நாடளாவிய போட்டிகளில் பெயர்பெற்றது. சனிக்கிழமைகளில் வேறு பள்ளிகளின் கூடங்களில் நடக்கும் போட்டிகளுக்குப் பையன்கள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போவது இங்கே கால்பந்தாட்டத்துக்கு நிகரான வழக்கம். கூச்ச சுபாவமுள்ள பிள்ளையைப் பேச வைத்துவிடுகிறார்கள் என்பது இங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர் சிலர் என்னிடம் மனநிறைவோடு சொன்னது. எதையும் வாதாடியே வீட்டில் சாதித்துக்கொள்கிறான் என்று ஒரு தாய் அலுத்துக்கொண்டதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இயேசு சபைப் பள்ளிகளின் இன்றைய கற்பித்தல் முறைக்கு இரண்டு ஆவணங்கள் அடிப்படை. ஒன்று, 1980இல் அமெரிக்க இயேசு சபை உயர்நிலைப்பள்ளிகள் சேர்ந்து வகுத்த 'படித்து வெளியேறும்போது மாணவன் எப்படி இருக்க வேண்டும்' என்ற வரைவு. வளர்ச்சிக்குத் திறந்த மனம், அறிவாற்றல், இறைப்பற்று, அன்பு, நீதிக்கான ஈடுபாடு என்று ஐந்து பண்புகளை அது குறிக்கிறது. மற்றொன்று, 1993இல் வெளிவந்த இஞ்ஞாசியார் கற்பித்தல் முறை பற்றிய ஏடு. சூழல், அனுபவம், சிந்தனை, செயல், மதிப்பீடு என்ற சுழற்சியில் ஒவ்வொரு பாடத்தையும் அமைக்கச் சொல்வது. இவை சுவரில் மாட்டிவைக்கும் வாசகங்களாகவே தங்கிவிடும் ஆபத்து எல்லா இயேசு சபைப் பள்ளிகளிலும் உண்டு. இவற்றுக்கு உயிர் கொடுத்தது, சபையின் அன்றைய தலைவர் பெத்ரோ அருப்பே 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில் ஆற்றிய உரை. பழைய மாணவர்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா என்று தம் சபையையே கேள்வி கேட்ட உரை அது; பிறருக்காக வாழும் மனிதர்கள் என்ற தொடர் அதிலிருந்தே பரவியது. அதன் பிறகு சேவைப் பணி, இயேசு சபைப் பள்ளிகளில் ஓய்வு நேரச் செயலாக இல்லாமல் படிப்பின் பகுதியாகவே ஆனது. ரீஜிஸிலும் முதியோர், நோயாளிகள், ஏழைப் பிள்ளைகள் ஆகியோரிடையே வேலை செய்வது மாணவனின் கடமைகளுள் ஒன்று. தியானம், திருப்பலி, நான்காண்டு மறைக்கல்வி ஆகியவையும் உண்டு. இவற்றைச் சம்பிரதாயமாக எண்ணி, மதிப்பெண்ணுக்காக மட்டும் பிள்ளையை அனுப்ப நினைக்கும் குடும்பத்துக்கு இந்தப் பள்ளி ஒத்துவராது. ஒழுங்கு நடவடிக்கையிலும் சபையின் முத்திரை தெரியும்: தவறு செய்தவன் பள்ளி விட்டபின் தங்கிப் பெறும் தண்டனைக்கு, பிற இயேசு சபைப் பள்ளிகளைப் போலவே இங்கும் 'ஜக்' என்றுதான் பெயர்.

இனி வாசலுக்கு வருவோம். திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கச் சிறுவர்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம். அதுவும் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது. பெண்பிள்ளைகளுக்கு இடமில்லை. மதிப்பெண் பட்டியல், நுழைவுத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு நேர்காணல் என்று வடிகட்டி, ஒரு வகுப்புக்கு நூற்றுமுப்பது சொச்சம் பேரைத்தான் எடுக்கிறார்கள். நியூயார்க், நியூஜெர்சி, கனெக்டிகட் என்ற மூன்று மாநிலங்களிலிருந்து விண்ணப்பங்கள் குவிகின்றன. பணத்தால் இடம் வாங்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே தனிப்பயிற்சி கொடுக்க வசதியுள்ள வீட்டுப் பையன் எந்த நுழைவுத் தேர்வையும் எளிதாக எழுதுவான் என்பதும் உண்மையே. கட்டணத்தை ஒழித்தால் போதும், ஏழைப் பிள்ளை தானாக உள்ளே வந்துவிடுவான் என்ற எண்ணம் தவறு என்பதைப் பள்ளி நிர்வாகமும் உணர்ந்திருக்கிறது என்பதற்கு, 2002இல் தொடங்கிய 'ரீச்' திட்டம் அடையாளம். வருமானம் குறைந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் பையன்களை நடுநிலை வகுப்புகளிலேயே தேர்ந்தெடுத்து, கோடை விடுமுறையிலும் சனிக்கிழமைகளிலும் பாடம் சொல்லிக்கொடுத்து, ரீஜிஸிலோ பிற நல்ல கத்தோலிக்கப் பள்ளிகளிலோ உதவித்தொகையுடன் சேர வழிசெய்யும் மூன்றாண்டுப் பயிற்சி அது. அதற்கும் கட்டணம் இல்லை. ஜூலியா கிராண்டின் நிபந்தனையை இன்றைய நகரத்தில் நேர்மையாக நிறைவேற்றுவது, என் பார்வையில், 84ஆம் தெருவின் வகுப்பறைகளைவிட இந்தத் திட்டம்தான்.

அந்த நிபந்தனை பலித்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டுமென்றால், 1978இல் படித்து முடித்த பாட்ரிக் ஃபிட்ஸ்ஜெரால்டைச் சொல்வேன். அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய அவருடைய தந்தை, மன்ஹாட்டனின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் வாயிற்காவலராக வேலை பார்த்தவர். மகன் ரீஜிஸில் படித்து, ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும் பின் ஹார்வர்டு சட்டப் பள்ளிக்கும் போய், 2001 முதல் 2012 வரை சிகாகோவில் கூட்டாட்சி அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்து, இல்லினாய் ஆளுநர் ஒருவரையே ஊழல் வழக்கில் நிறுத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்தார். டாமனி ஹால் மேயரின் பணத்தில் நிறுவிய பள்ளியிலிருந்து ஊழலை வேட்டையாடும் வழக்கறிஞர் வந்தது வரலாற்றின் குறும்பு.

இதன் மறுபக்கமும் பதிவாக வேண்டும். நியூயார்க்கின் புகழ்பெற்ற பத்திரிகையாளர் பீட் ஹாமில், புரூக்ளினின் ஏழை ஐரிஷ் குடும்பம் ஒன்றிலிருந்து ரீஜிஸுக்கு வந்தவர். பதினைந்து வயதில் படிப்பைப் பாதியில் விட்டு, புரூக்ளின் கடற்படைத் தளத்தில் தகடு வேலைக்குப் போய்விட்டார். கட்டணம் கேட்காத பள்ளியிலும் ஓர் ஏழைப் பையனால் தங்க முடியாமல் போகலாம் என்பதற்கு அவர் சாட்சி: பாடச் சுமை, வீட்டுச் சூழல், நமக்கு இந்த இடம் பொருந்துமா என்ற உள்ளுக்குள் அரிக்கும் கேள்வி ஆகியவற்றுக்கெல்லாம் கல்வி உதவித்தொகை மருந்தாவதில்லை. 2010இல் பள்ளி அவரை அழைத்து மதிப்புறு பட்டயம் வழங்கியது. அழகான செயல்தான், ஆனாலும் பள்ளி அறுபது ஆண்டு கழித்துத் தந்த அந்தத் தாளைவிட, இரண்டாம் ஆண்டில் தடுமாறும் பையனை இன்று எப்படித் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பதே பெற்றோர் நேர்காணலில் கேட்க வேண்டியது. ஊரில் முதல் மாணவனாக இருந்தவர்களையே அள்ளிக்கொண்டு வந்து ஒரே அறையில் உட்கார வைத்தால், அவர்களில் பாதிப்பேர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சராசரிக்குக் கீழே நிற்பார்கள் என்பது கணக்குப்படி தவிர்க்க முடியாதது. முதல் தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும் நாளுக்குப் பிள்ளையைவிடப் பெற்றோரே தயாராக இருக்க வேண்டியிருக்கிறது.

பயணத்தை யாரும் முதலில் எண்ணிப் பார்ப்பதில்லை. விடுதி கிடையாது, எல்லோரும் வீட்டிலிருந்தே வந்து போகிறார்கள். குவீன்ஸின் ஜாக்சன் ஹைட்ஸில் இருக்கும் பையன் 7ஆம் எண் ரயிலில் கிராண்ட் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து லெக்சிங்டன் அவென்யூ வழித்தடத்தில் ஏறி 86ஆம் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். இது எளிய வழி. ஸ்டேட்டன் தீவுப் பையன் முதலில் பேருந்து, பிறகு படகு, அதன்பின் மன்ஹாட்டனின் தென்முனையிலிருந்து வடக்கே சுரங்க ரயில் என்று வர வேண்டும். தொலைக்காட்சி நகைச்சுவை நடிகரான காலின் ஜோஸ்ட் இப்படித்தான் நான்கு ஆண்டுகள் வந்து போனார். பின்னாளில் ஓய்வுபெற்ற ஸ்டேட்டன் தீவுப் படகு ஒன்றை நண்பர்களோடு சேர்ந்து ஏலத்தில் எடுத்தும்விட்டார். காலை எட்டு மணிக்கு முன் 86ஆம் தெரு நிலையத்தின் படிக்கட்டில் நின்று பார்த்தால், கழுத்துப்பட்டையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, ஒரு கையில் ரொட்டியும் மறுகையில் இலத்தீன் சொற்பட்டியலுமாக ஏறி வரும் பையன்களைக் காணலாம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம், அதற்கும் மேல், தண்டவாளத்தில் போகிறது. ரயிலிலேயே படிக்கப் பழகிக்கொள்ளும் பிள்ளைக்கு இழப்பில்லை. மற்றவர்களுக்குத் தூக்கம் போகும்.

நிர்வாகத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021இல் அன்றைய பள்ளித் தலைவரான குரு, பள்ளிச் சமூகத்தின் வயதுவந்தவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று விசாரணையில் தெரிந்ததால், அறங்காவலர் குழு அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அதற்கு முன், 2019 ஜனவரியில், இயேசு சபையின் அமெரிக்க வடகிழக்கு மாகாணம், சிறார் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டில் நம்பத்தக்க ஆதாரம் உள்ளவர்கள் என்று கண்ட உறுப்பினர்களின் பட்டியலை வெளியிட்டது. ரீஜிஸ் என்றில்லை, எந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்ப்பதானாலும் குழந்தைப் பாதுகாப்பு விதிகளை எழுத்தில் கேட்டு வாங்கிப் படிப்பது பெற்றோரின் கடமை. 2021இல் அறங்காவலர்கள் விஷயத்தை மூடி மறைக்காமல் பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் தெரிவித்துச் செயல்பட்டார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன்.

பக்கத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டால்தான் எந்த மதிப்புரையும் பயன்படும். ஒரே பங்கின் நிழலில், கூப்பிடு தூரத்தில், 1900இல் தொடங்கிய லொயோலா பள்ளி இருக்கிறது. அதுவும் இயேசு சபையினுடையதுதான்; கட்டணம் உண்டு, பெண்பிள்ளைகளும் படிக்கிறார்கள், இன்னும் சிறிய பள்ளி. வடக்கே கிழக்கு ஹார்லெமில் 106ஆம் தெருவில், கிறிஸ்டோ ரே நியூயார்க் உயர்நிலைப்பள்ளி 2004இல் தொடங்கியது. அது சிகாகோவில் 1996இல் பிறந்த முறையைப் பின்பற்றுகிறது: நான்கு மாணவர்கள் சேர்ந்து ஓர் அலுவலக வேலையைப் பகிர்ந்துகொண்டு, மாதத்தில் ஐந்து நாள் வேலை பார்க்க, அந்தச் சம்பளம் படிப்புச் செலவின் பெரும்பகுதியைத் தாங்குகிறது. வசதியுள்ள குடும்பங்களுக்கு அங்கே இடமில்லை, இருபாலரும் படிக்கலாம். ஏழைக்குக் கல்லூரிக் கனவு என்ற ஒரே கணக்குக்கு, செல்வரின் கொடை ஒரு விடை என்றால், மாணவனின் உழைப்பு மற்றொரு விடை. தேர்வில் பளிச்சிடாத, ஆனால் உழைக்கத் தயங்காத பிள்ளைக்கு நான் கிறிஸ்டோ ரேயைத்தான் சொல்வேன். கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் கட்டணமில்லாக் கடினப் படிப்பு வேண்டுமென்றால், ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயின்ஸ் போன்ற நகர அரசின் சிறப்பு உயர்நிலைப்பள்ளிகள் இருக்கின்றன. கணிதத்திலும் அறிவியலிலும் அவை ரீஜிஸுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் ஸ்டைவசன்டில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள். அங்கே பிள்ளை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

கட்டணம் வாங்காததால் ரீஜிஸ் தப்பிப் பிழைத்தது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. புரூக்ளினில் 1908இல் தொடங்கிய இயேசு சபையின் புரூக்ளின் பிரெப், சுற்றுப்புறக் குடிகள் மாறி மாணவர் எண்ணிக்கை குறைந்தபோது 1972இல் மூடப்பட்டது. ஹார்லெமில் ஏழைப் பையன்களுக்குப் பெரும் துணையாக இருந்த ரைஸ் உயர்நிலைப்பள்ளி 2011இல் மூடியது. மாணவன் கட்டும் பணத்தில் ஓடும் பள்ளி, மாணவன் குறைந்தால் நின்றுவிடும். ரீஜிஸின் செலவை அறக்கட்டளை நிதியும், பெரும்பாலும் பழைய மாணவர்களின் நன்கொடையும் தாங்குகின்றன. படித்து முடித்தவர்கள் ஆண்டுதோறும் தங்களால் இயன்றதை அனுப்புகிறார்கள். சேர்ந்திருக்கும் மாணவர்களின் வீடுகளுக்கும் விருப்பமிருந்தால் கொடுக்கும்படி கடிதம் வரும். கொடுக்காவிட்டால் மாணவனுக்குக் குறை எதுவும் வராது.

விண்ணப்பிக்க விரும்புவோர் ஏழாம் வகுப்பு முடியும்போதே பள்ளியின் அறிவிப்புகளைக் கவனிக்கத் தொடங்க வேண்டும். எட்டாம் வகுப்பின் இலையுதிர் காலத்திலேயே எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. கொலராடோவில் ரீஜிஸ் ஜெசூட் என்று கட்டணம் வாங்கும் வேறொரு பள்ளி இருப்பதால், இணையத்தில் தேடும்போது முகவரியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. திருமுழுக்குச் சான்றிதழ் ஊரில் பங்குத்தந்தையிடம் இருந்தால் முன்கூட்டியே எழுதி வரவழைத்துவிடுங்கள். ரீஜிஸ் ஒன்றையே நம்பி இருக்காமல், நியூயார்க் வட்டாரக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான பொது நுழைவுத் தேர்வையும், நகரத்தில் குடியிருந்தால் சிறப்பு உயர்நிலைப்பள்ளித் தேர்வையும் பையனை எழுத வையுங்கள். ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பையன் வீட்டில் இருந்து, வருமானமும் குறைவு என்றால், உயர்நிலைப்பள்ளிக்குக் காத்திராமல் இப்போதே 'ரீச்' திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள்.